கடற்கரையில் பேஸ்பால் கைகளைத் தேடுவதும் வளர்ப்பதும்: இராமநாதபுரம் பக்கத்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பாலைக்குடிக் கரையில் ஒரு விடிகாலை. முட்டளவு தண்ணீரில் நின்று ஒரு பையன் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தான். வலையின் ஒரு மடிப்பு இடது முழங்கையில் தொங்கியது, ஈயமணிக் கயிற்றின் ஓரம் பல்லிடுக்கில் இருந்தது. உடம்பைப் பின்னுக்குத் திருப்பி எடையைப் பின்காலில் வைத்தான். அப்புறம் இடுப்பு முதலில் திரும்பியது. அதைத் தொடர்ந்து தோள், கடைசியில்தான் கை. வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுந்தது.

பேஸ்பாலில் பந்து எறியும் பிட்சருக்கு நாங்கள் மாதக்கணக்கில் கற்றுக்கொடுக்கும் வரிசை அதுதான்: கால், இடுப்பு, தோள், கை. அந்தப் பையனையே இரண்டு வாரத்துக்கு முன்னால் தேர்வில் கழித்துவிட்டிருந்தேன். நோட்டில் நான் எழுதிய காரணம், "பேட்டில் பந்து படவில்லை". அதற்கு முன் அவன் பேட்டைத் தொட்டதே இல்லை என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து தேர்வு செய்யும் முறையையே மாற்றிக்கொண்டேன். அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் கிளப்புகள் ஆள் தேடும் விதத்தையும் வளர்க்கும் விதத்தையும் படித்து, நம் கரைக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொண்டேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரில் பேஸ்பாலோ, அதைப் போன்றே பெரிய பந்தில் ஆடும் சாஃப்ட்பாலோ தொடங்க நினைக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் இது பயன்படும்.

முதலில்: எத்தனை பேரை உங்களால் வளர்க்க முடியும்?

ஆள் தேடக் கிளம்பும் முன் இதைக் கணக்குப் பண்ணுங்கள். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கிளப்பில் இருந்த பிராஞ்ச் ரிக்கி, பெரிய கிளப்புகளோடு பணத்தில் போட்டி போட முடியாமல், சிறு ஊர் அணிகளைத் தன் கிளப்போடு இணைத்து அங்கேயே வீரர்களை விளைவித்தார். ஆங்கிலத்தில் அதற்குப் பண்ணை முறை என்றே பெயர். இன்று தொழில்முறை பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கின் 30 கிளப்புகளுக்கும் ஆளுக்கு நான்கு படிநிலை அணிகள், மொத்தம் 120 மைனர் லீக் அணிகள். அவற்றுக்கும் கீழே புதியவர்களுக்கான பயிற்சி மைய அணிகளும், டொமினிக்கன் குடியரசில் ஒரு கோடை லீக்கும் உண்டு. அவ்வளவு பெரிய அமைப்பிலும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அமெரிக்காவுக்குள் ஒரு கிளப் வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் வீரர்கள் 165 பேர். கிளப்புகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும், முன்பு 40 சுற்று நடந்த ஆண்டுத் தேர்வு 2021-இலிருந்து 20 சுற்றாகச் சுருங்கிவிட்டது.

நம்மிடம் ஒரு மைதானம், பத்துப் பன்னிரண்டு கிளவ், இரண்டு பெரியவர்கள். என் கணக்கில் ஒரு பயிற்சியாளருக்குப் பத்துப் பிள்ளைகள். அதற்கு மேல் போனால் யாருடைய முழங்கை வலிக்கிறது என்றுகூடத் தெரியாது. நாற்பது பேரைச் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்வது சுலபம், ஆறு மாதத்தில் முப்பது பேர் தாமாகவே நின்றுவிடுவார்கள். அந்த முப்பது பேரில் யார் இருந்தார்கள் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

எங்கே பார்ப்பது

கிரிக்கெட் மைதானத்துக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள். எல்லைக்கோட்டிலிருந்து ஸ்டம்பை நோக்கி நேராக எறியும் பையன் அங்கே கிடைப்பான். ஆனால் அதோடு நிற்காதீர்கள்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வடகடல், தென்கடல் இரண்டு கரையிலும் நடந்து பாருங்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் கால் பலம் தெரியும். ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் பனை ஏறும் குடும்பத்துப் பிள்ளைகளின் பிடியையும் முன்கையையும் கவனியுங்கள். சந்தனக்கூடு, மாதா கோவில் திருவிழா, முளைப்பாரி சமயங்களில் நடக்கும் கபடி, வாலிபால் போட்டிகளுக்குப் போங்கள். வாலிபாலில் ஸ்மாஷ் அடிக்கும் கை, பந்து எறியவும் தயாராக இருக்கும் கை. பாசி எடுக்க அம்மாவோடு கடலில் இறங்கிப் பழகிய பெண் பிள்ளைகளின் மூச்சும் தோளும் சாஃப்ட்பாலுக்குப் பெரிய சொத்து. பேஸ்பால், சாஃப்ட்பால் இரண்டுமே பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் பட்டியலில் உள்ளவை. அதனால் பெண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் காரணமே இல்லை.

2008-இல் இந்தியாவில் நடந்த ஒரு எறிதல் போட்டியில் தேர்வான ரிங்கு சிங் (கிரிக்கெட் வீரர் அல்ல), தினேஷ் படேல் இருவரும் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், ஈட்டி எறிந்து பழகியவர்கள். அதற்கு முன் பேஸ்பாலைக் கையில் பிடித்ததில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளப் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. விளையாட்டைக் கற்றுக்கொடுத்துவிடலாம், வேகமான கை எங்கேயோ ஏற்கெனவே வளர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தேடலின் அடிப்படை.

இடதுகைப் பிள்ளைகளைத் தனியாகத் தேடுங்கள். இடதுகைப் பிட்சருக்கு எங்கும் மதிப்பு அதிகம். ஆனால், "நீ இடதுகையா?" என்று கேட்டால் நம் ஊரில் பாதிப் பேர் இல்லை என்பார்கள். சாப்பிடவும் எழுதவும் வலதுகைக்கு மாற்றியிருப்பார்கள். "மாங்காய்க்குக் கல் எந்தக் கையால விடுவ?" என்று கேளுங்கள்.

எதை அளப்பது

தொழில்முறை ஆள்தேடிகள் ஒரு வீரரிடம் ஐந்து திறன்களைப் பார்க்கிறார்கள்: பந்தை பேட்டில் படவைப்பது, தூரம் அடிப்பது, ஓட்டம், தடுத்துப் பிடிப்பது, எறியும் கை. ஒவ்வொன்றுக்கும் 20-இலிருந்து 80 வரை மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி. 80 என்பது தலைமுறைக்குச் சிலருக்கே வாய்ப்பது.

இந்த அளவுகோலை நம் பிள்ளைகள்மேல் அப்படியே வைக்காதீர்கள், எல்லோரும் 20-தான் வருவார்கள். நான் செய்தது இது: மூன்று ஊர்களில் பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அறுபது பேரை ஓடவும் எறியவும் வைத்து நேரமும் தூரமும் குறித்துக்கொண்டேன். அவர்களுடைய நடு அளவுதான் எனக்கு 50. கொஞ்சம் மேலே இருந்தால் 55, தெளிவாக மேலே இருந்தால் 60. முதலில் அந்த அறுபது பேரின் கணக்கை எடுக்காமல் மதிப்பெண் போடத் தொடங்கினால் அது வெறும் அபிப்பிராயம்தான்.

ஓட்டத்துக்குத் தொழில்முறையில் 60 கஜம் ஓடவிடுவார்கள், ஏறக்குறைய 55 மீட்டர். இறுகிய தரவையில் (கடலோர வெற்று நிலத்தில்) அளந்து குச்சி நட்டுக்கொள்ளுங்கள். கடற்கரை மணலில் நேரம் எடுக்காதீர்கள், அங்கே கால் புதைவதால் கனமான பையன் தோற்றுவிடுவான். ஓடித் தொட வேண்டிய இரண்டு பேஸ்களுக்கு நடுவே உள்ள 27.43 மீட்டரையும் தனியாகக் குறியுங்கள். மேஜர் லீக்கில் வலதுகை பேட்டர் அடித்த இடத்திலிருந்து முதல் பேஸுக்கு 4.3 வினாடியில் போனால் சராசரி. இடதுகைக்காரர் பேஸுக்குப் பக்கத்தில் நிற்பதால் அவருக்கு 4.2. பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் பந்தைப் பிடித்த நொடியிலிருந்து அது இரண்டாம் பேஸில் இருப்பவரின் கிளவுக்குள் போகும் வரை 2.0 வினாடி என்றால் சராசரி. இவ்வளவுக்கும் கைபேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும்.

எறிதலில் காற்றைக் கவனியுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காற்றோடு எறிந்தவன் வீரன்போல் தெரிவான், எதிர்த்து எறிந்தவன் சோம்பேறிபோல் தெரிவான். ஒவ்வொருவரையும் இரண்டு திசையிலும் மூன்று மூன்று முறை எறியச் சொல்லிச் சராசரி எடுங்கள். முடிந்தால் காற்று எழுவதற்கு முன், காலை ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள்.

பந்தின் எடை நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம். நம் பிள்ளைகள் எறிந்து பழகியது டென்னிஸ் பந்து, 58 கிராம் அளவில் இருக்கும். பேஸ்பால் 142 முதல் 149 கிராம். இரண்டரை மடங்கு எடையை முதல் நாளே கையில் கொடுத்து, "முழு வேகத்தில் எறி" என்று சொன்னால் முழங்கைதான் அடிவாங்கும். தேர்வுக்கு முன் இரண்டு வாரம் பேஸ்பாலை மெதுவாக, குறைந்த தூரத்தில் எறிந்து பழக விடுங்கள். அளப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கண் சோதனையையும் விட்டுவிடாதீர்கள். மேஜர் லீக்கில் நேர்ப்பந்தின் சராசரி வேகம் மணிக்கு 94 மைல் அளவில் இருக்கிறது. 18.44 மீட்டர் தள்ளி இருக்கும் பிட்சரின் கையிலிருந்து அது பேட்டரிடம் வர அரை வினாடிகூட ஆகாது. பந்து படவில்லை என்று நாம் கழித்துவிடும் பிள்ளைக்குச் சில சமயம் கண்ணாடி மட்டும்தான் தேவைப்படும்.

இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று

நல்ல ஆள்தேடியின் அறிக்கையில் ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும். ஒன்று இன்றைக்கு அவன் இருக்கும் நிலை, மற்றது அவன் எதுவரை போவான் என்ற கணிப்பு. வேலையின் கடினமே இரண்டாவதில்தான் இருக்கிறது.

பதினான்கு வயதில் மீசை அரும்பிய பையன் மற்றவர்களைவிடத் தூரம் எறிவான். அவனுக்குப் பக்கத்தில், பாதம் பெரிதாகவும் மணிக்கட்டு அகலமாகவும் தோள்பட்டை விரிந்தும், ஆனால் சதை பிடிக்காமல் ஒல்லியாக ஒருவன் நிற்பான். இரண்டு வருடத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்று யோசியுங்கள். பிறந்த மாதத்தைக் கேளுங்கள். ஒரே வகுப்பில் படித்தாலும் ஜூனில் பிறந்தவனுக்கும் அடுத்த மே மாதத்தில் பிறந்தவனுக்கும் பதினொரு மாத வித்தியாசம் உண்டு. அண்ணன், அப்பா, தாய்மாமன் உயரத்தையும் பாருங்கள்.

உயரம் மட்டுமே போதாது என்பதற்கு ஹோசே அல்டூவே இருக்கிறார். வெனிசுவேலாவில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்வில் குள்ளம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அப்பா சொல்லி மறுநாளும் போய் நின்றார். வெறும் 15,000 டாலருக்கு எடுத்தார்கள். 2017-இல் மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் அவர்தான். அதனால் எங்கள் நோட்டில், "மறுநாளும் வந்தானா?" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். தேர்வில் கழிந்தவர்களுக்கு, "நாளைக்கும் பயிற்சி இருக்கு, வரலாம்" என்று மட்டும் சொல்வோம். வருகிறவர்களைத் திரும்பப் பார்ப்போம்.

இன்னொருவர் கென்லி ஜான்சன். கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவுக்காரர். அந்தத் தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். அங்கிருந்து ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஆஸி ஆல்பீஸ் என்று வரிசையாக வந்திருக்கிறார்கள். 2004-இல் சிறுவர் உலகத் தொடரையே அந்தத் தீவின் பிள்ளைகள் வென்றார்கள். ஜான்சன் முதலில் கேட்சர். அடிக்க வரவில்லை, கை மட்டும் பலம். டாட்ஜர்ஸ் கிளப் 2009-இல் அவரைப் பிட்சராக மாற்றியது. அடுத்த வருடமே மேஜர் லீகில் எறிந்தார். ஒரு திறன் 60 இருந்து மற்றதெல்லாம் 35 இருந்தால், அந்த 60-க்கு எந்த இடம் பொருந்தும் என்று தேடுவதும் நம் வேலைதான்.

இரண்டாவது கண்

அமெரிக்காவில் ஒரு வட்டாரத்து ஆள்தேடி பிடித்துப்போய் எழுதினால், இன்னொருவர் தனியாக வந்து பார்த்து எழுதுவார். முதல் அறிக்கையின் மயக்கம் தெளிய அதுதான் வழி. நீங்களும் பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவரை அழைத்து, உங்கள் மதிப்பெண்ணைக் காட்டாமல் பார்க்கச் சொல்லுங்கள். இருவருக்கும் 10 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்த பிள்ளையை மூன்றாவது முறை பாருங்கள். உங்கள் உறவுக்காரப் பிள்ளைக்கு நீங்கள் மதிப்பெண் போடவே வேண்டாம்.

வீட்டுக்குப் போங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அப்பாமார் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கும் மே மாதம் விடுமுறை. வீடு தேடிப் போக அதைவிட நல்ல சமயம் இல்லை.

ஒரு வீட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "வாத்தியாரே, இவன் படிக்கட்டும். இல்லாட்டி என்னோட தொழிலுக்கு வரட்டும். பந்து எறிஞ்சா என்ன கெடைக்கும்?" அமெரிக்கா, டாலர் என்று நான் சொல்லவில்லை. "என்ன கெடைக்கும்னு இப்ப என்னால உறுதி சொல்ல முடியாதுண்ணே. பள்ளிக்கூடத்துல ஒழுங்கா இருப்பான், உடம்பு நல்லாருக்கும், மாவட்டத்துக்கு ஆடுவான். அதுக்கு மேல போனா நானே வந்து சொல்றேன்" என்றேன். அந்த அம்மா, "சாப்பாட்டுக்கு முன்னாடி ஓட விடாதீங்க சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பையனின் காலைநேரம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

டொமினிக்கன் குடியரசில் கிளப்புகள் நடத்தும் அகாடமிகளில் வேளாவேளைக்குச் சாப்பாடும் ஆங்கில வகுப்பும் பயிற்சியின் பகுதிதான். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. அவித்த முட்டை ஒன்று, ஊறவைத்த நிலக்கடலை ஒரு கை, உப்புத் தண்ணீர் இல்லாத ஊரிலிருந்து ஒரு கேன் குடிநீர், இவை இல்லாமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள். பந்து வாங்கும் காசில் கொஞ்சம் இதற்கு ஒதுக்கினால் தப்பில்லை.

வளர்ப்பது: ஆளுக்கு ஒரு பக்கம்

தேர்ந்தெடுத்த அன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் மூன்று வரி போதும்: எது பலம், அடுத்த மூன்று மாதத்துக்கு மாற்றப்போகும் ஒரே ஒரு விஷயம், அதை எப்படி அளப்போம். "நன்றாக எறிய வேண்டும்" என்று எழுதாதீர்கள். "முன்கால் இலக்கைப் பார்த்து ஊன்ற வேண்டும், பத்தில் ஏழு பந்து இலக்காகக் குறித்த பெட்டிக்குள் வர வேண்டும்" என்று எழுதுங்கள். நான்கு தவறை ஒரே நாளில் திருத்தப் போனால் பையனுக்கு இயல்பாக இருந்ததும் போய்விடும்.

வலை எறிந்த அந்தப் பையனை நான் கெடுக்கப் பார்த்தேன். புத்தகத்தில் பார்த்தபடி கையை உயர்த்து, முழங்கையை மடக்கு என்று சொல்லச் சொல்ல அவன் எறிதல் மரத்துப்போனது. அப்புறம் ஒருநாள், "வலை விடுற மாதிரி விடு, பல்லுல மட்டும் எதையும் கடிக்காத" என்றேன். சிரித்துக்கொண்டே எறிந்தான். பந்து நேராகக் கிளவில் வந்து சத்தம் கேட்டது. கைபேசியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, இடுப்பு திரும்பிய பிறகே தோள் வந்தது.

பிட்சர் நின்று எறியும் மேட்டைக் கட்டக் கடல் மணல் உதவாது, நான்கு பந்துக்குள் சரிந்துவிடும். கண்மாய்க் களிமண்ணை வெட்டி வந்து நனைத்து இடித்துக் கட்டுங்கள். விதிப்படி உயரம் 25 சென்டிமீட்டர். சிறுவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சமதரையே நல்லது. மைதானத்தைச் சுற்றிச் சீமைக்கருவேல முள்ளைக் கூட்டி அகற்றாமல் யாரையும் சறுக்கிப் பேஸ் பிடிக்க விடாதீர்கள்.

ஒரே இடத்தில் பூட்டி வைக்கவும் வேண்டாம். பதினைந்து வயது வரை எல்லோரும் இரண்டு இடங்களிலாவது ஆடட்டும். கபடியையும் வாலிபாலையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கையைக் காப்பாற்றுவது

1974-இல் டாக்டர் பிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக வேறு நாண் ஒன்றை எடுத்து வைத்துத் தைத்தார். டாமி ஜான் 1976-இல் திரும்பி வந்து எறிந்தார். அந்த அறுவைச் சிகிச்சைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. செய்துகொண்டால் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நம் கரையில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஆனால் அதோடு முடிந்தது. அதனால் இந்த ஒரு பகுதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேஜர் லீகும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் 2014-இல் இளம் பிட்சர்களுக்காக வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வரம்புகள் இவை. 11, 12 வயதில் ஒரு நாளில் அதிகபட்சம் 85 பந்து. 13 முதல் 16 வரை 95. 17, 18-இல் 105. 13, 14 வயதில் 20 பந்து வரை எறிந்தால் மறுநாளே எறியலாம். 21 முதல் 35 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு, 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 66 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு நாள். பிட்சராக எறிந்துவிட்டு அதே நாளில் கேட்சராக உட்காரக் கூடாது.

இது உச்சவரம்பு, இலக்கு இல்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் முதல் வருடம் 40-இல் நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஊரில் டென்னிஸ் பந்துப் போட்டியில் எட்டு ஓவர் போட்டிருப்பான், திங்கள் கிழமை நம்மிடம் சொல்லமாட்டான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். "நேத்து எங்க ஆடின?" என்பதுதான் என் முதல் கேள்வி. உண்மை சொன்னால் திட்டமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் சொல்கிறார்கள்.

வருடத்தில் நான்கு மாதம் எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பரிந்துரையில் உண்டு. நமக்கு அதற்கு மழைக்காலமே வழிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தரவையில் தண்ணீர் நிற்கும். அப்போது ஓட்டம், தொடைக்கும் முதுகுக்கும் பயிற்சி, பேட்டைச் சுழற்றுவது. எறிதல் கிடையாது.

முழங்கையின் உள்பக்கம் வலி என்று சொன்னால் அன்றோடு நிறுத்துங்கள். எண்ணெய் தேய்த்து, சுளுக்கு எடுத்து, மறுநாள் எறிய விடுவது பெரிய தவறு. வளரும் பிள்ளையின் முழங்கை எலும்பில் வளர்ச்சித் தட்டு இன்னும் திறந்திருக்கும், திரும்பத் திரும்ப இழுபட்டால் அதுவே பிளந்துபோகும். எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

பக்கங்களைத் திறந்து வைத்து உட்காருங்கள். எழுதிய இலக்கு வந்ததா? வந்தவர்களை ஒரு படி கடினமான இடத்துக்கு நகர்த்துங்கள், வயதில் பெரியவர்களோடு ஆட விடுங்கள். வராதவர்களுக்கு இலக்கு தவறா, பயிற்சி தவறா என்று முதலில் உங்களையே கேளுங்கள்.

நிற்கச் சொல்ல வேண்டிய பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து, அவன் பக்கத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் பெயர் இல்லாமல் விட்டு அனுப்பாதீர்கள். இவர்களில் ஸ்கோர் எழுதவும் நடுவராக நிற்கவும் சிலர் ஆசைப்படுவார்கள், அவர்கள் இல்லாமல் போட்டி நடத்தவே முடியாது.

வலை எறிந்த பையனின் பக்கத்தில் இப்போது எழுதியிருப்பது: எறியும் கை, இன்று 60, நாளை 70. பேட்டிங், இன்று 30, நாளை 45. பந்து வரம்பு 40. அடுத்த மூன்று மாதம், முன்கால். ஜூன் 15-க்குப் பிறகு விடிகாலையில் அப்பாவோடு கரையில் வேலை இருக்கும் என்பதால் பயிற்சி மாலை ஐந்து மணிக்கு மாற்றப்படும்.